ஒரு பகலில் 330 கிலோமீட்டர்: சியாட்டிலிலிருந்து போர்ட்லண்ட் வரை

(அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய கோடைக்கால ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் சூலை மாதத்தின் நடுவில் வரும் ஒரு சனிக்கிழமையன்று, கிழக்கு வெளுக்கும் முன்பே, வாசிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் அணிவகுத்து நிற்கின்றன. அவை செல்ல வேண்டிய இடம் தெற்கே, ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரம். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 206 மைல். அதாவது 330 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் சாலைத் தொலைவும் கிட்டத்தட்ட இதுவே. பெரும்பாலோர் இதனை இரண்டு நாட்களில் கடக்கின்றனர். முதல் நாள் இரவு வழியிலுள்ள சிற்றூர் ஒன்றில் கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் எஞ்சிய பாதியை ஓட்டுகின்றனர். ஆனால் ஒரு பகுதியினர், அன்று எழும் ஞாயிறு மறைவதற்குள்ளேயே போர்ட்லண்டை அடைந்துவிட வேண்டும் என்ற உறுதியோடு புறப்படுகின்றனர்.

இந்த உரை அந்த ஒரு நாள் பயணத்தைப் பற்றியது. அதனை முயன்று, முதல் ஆண்டு பாதி வழியில் நின்றுபோய், அடுத்த ஆண்டு நிறைவு செய்த ஒரு தமிழ்த் தந்தையைப் பற்றியதும் ஆகும். அவர் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாற்பதுகளில் இருப்பவர், பொறியியல் படித்து, மென்பொருள் துறையில் பணியாற்றி, நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருந்தவர். இந்த அவையில் உள்ள பலருக்கும் அவரைத் தங்களிலேயே ஒருவராகத் தோன்றலாம்.

பயணத்தின் வரலாறு

ஒரு பகலுக்குள் ஒரு பெருந்தொலைவைக் கடப்பது என்ற எண்ணம் புதியதன்று. 1897-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள், இத்தாலியில் பன்னிரண்டு பேர் உரோமிலிருந்து நேப்பிள்சு வரை 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்துக்குள் கடக்கப் புறப்பட்டனர். ஒன்பது பேர் வெற்றி கண்டனர். நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணங்களுக்கு இன்றும் வழங்கும் 'ஆடாக்சு' என்ற பெயர் அந்த நாளிலிருந்து வந்ததே. துணிவுடையோர் என்பது அதன் பொருள்.

சியாட்டில் - போர்ட்லண்ட் பயணத்தைக் கேசுகேடு மிதிவண்டிக் கழகம் 1979-இல் தொடங்கியது. தொடக்கத்தில் அது ஒரு நேரப் போட்டி. அவ்வாண்டு முதலாவதாக வந்தவர் செர்ரி பேக்கர். 2015-இல் மறைந்த அவருடைய பெயரை ரெட்மண்ட் நகரின் மேரிமூர் பூங்காவிலுள்ள மிதிவண்டி ஓடுகளம் தாங்கி நிற்கின்றது. அடுத்த ஆண்டே, அதாவது 1980 மே 18 அன்று, செயின்ட் எலன்சு எரிமலை வெடித்ததால் பயணம் நடைபெறவில்லை. பின்னர் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பெருந்தொற்றுக் காலத்தில் தடைப்பட்டது.

காலப்போக்கில் அது போட்டி என்ற தன்மையை விட்டுவிட்டது. இன்று அங்கே முதல் பரிசு இல்லை. முதலாவதாக வந்தவர், நூறாவதாக வந்தவர் என்ற பட்டியலும் இல்லை. தரவரிசைப் பட்டியலைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த ஒரு சமூகத்துக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம். அந்தத் தந்தைக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் ஆண்டு: சென்ட்ரேலியா வரை

அவர் இந்த முயற்சியில் இறங்கியதற்குக் காரணம் ஒரு குருதிப் பரிசோதனை. சர்க்கரை அளவு எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பதாக மருத்துவர் கூறினார். தெற்காசியர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் பிறரைக் காட்டிலும் இளம் அகவையிலேயே, குறைந்த உடல் எடையிலேயே வருவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் எண் 25-ஐத் தாண்டினால் கவனம் தேவை என்பது பொதுவிதி. ஆசிய மக்களுக்கு 23-லேயே கவனம் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் பரிந்துரைத்தது.

மருத்துவர் நடக்கச் சொன்னார். அவரோ மிதிவண்டி வாங்கினார். வாங்கிய மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் பயணத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் பயணம் என்பது அவர் மனத்தில் இரண்டாம் தரமாகத் தோன்றியது. அலுவலகத்தில் கூறினார், நண்பர்களிடம் கூறினார், ஊரிலுள்ள தம் தாயாரிடமும் தொலைபேசியில் கூறினார்.

காலை 5 மணிக்குச் சியாட்டிலில் புறப்பட்டவர், வாசிங்டன் ஏரிக்கரையை ஒட்டிய வழியில் இருள் பிரியும் வேளையில் ஒரு விரைவான குழுவோடு ஒட்டிக்கொண்டார். முன்னே செல்பவரின் சக்கரத்துக்கு மிக அருகில் பின்தொடர்ந்தால் காற்றின் தடை குறையும். மணிக்கு 32 கிலோமீட்டர் வேகம்! கெண்ட் நகரில் 24 மைலில் முதல் நிறுத்தம். நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று எண்ணி, அங்கு அவர் ஒன்றும் உண்ணவில்லை. 43-ஆம் மைல் அளவில் பியூயாலப் நகரைத் தாண்டியதும் வருகின்ற மேடுதான் இந்தப் பயணத்தின் பேர்பெற்ற ஏற்றம். அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மைலே. அதிலும் அவர் யாரையும் முந்தவிடவில்லை.

இடப்புறத்தில் 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் மலை பனி மூடிய தலையோடு தெரிந்துகொண்டே வந்தது. யெல்ம் என்ற ஊரைத் தாண்டும்போது அவர் அதனைப் பார்க்கும் நிலையில் இல்லை. தொடைத் தசைகள் சுருட்டிப் பிடிக்கத் தொடங்கின. நான்கு நாட்களுக்கு முன் மாற்றிய புதிய இருக்கை தோலை உரித்திருந்தது. டெனினோவில் இறங்கி உட்கார்ந்தவர் எழுவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. வெறும் தண்ணீரையே குடித்துக் குடித்து வயிறு குலுங்கியது. உணவைக் கண்டாலே குமட்டியது.

பயணத்தின் நடுவிடம் சென்ட்ரேலியா. சற்றேறக்குறைய நூறாவது மைல். அங்குள்ள கல்லூரி வளாகத்தை அவர் அடைந்தபோது பிற்பகல் 1 மணி. கடிகாரக் கணக்குப்படி இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. ஆனால் கை நடுங்கியது. பக்கத்தில் நின்றவர் கேட்ட எளிய கேள்விக்கு விடை சொல்லவும் அவருக்கு நேரம் பிடித்தது. தொண்டர் ஒருவர் அவரை நாற்காலியில் அமர்த்தி, உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கைக் கையில் கொடுத்து, "நூறு மைல் வந்துவிட்டீர்கள், பாராட்டுகள்" என்றார். அவருக்கு அது பாராட்டாகப் படவில்லை.

வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். மனைவியும் பதினாறு அகவை மகளும் மகிழுந்தில் வந்து சேர்ந்தனர். மிதிவண்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டி வடக்கு நோக்கித் திரும்பியது. நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "பாதிதான் முடிந்தது" என்றார்.

ஒரு மாதத்துக்கு முன்னர் அந்த மகள் கணக்குத் தேர்வில் 92 மதிப்பெண் பெற்று வந்திருந்தாள். அதனைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "மீதி எட்டு எங்கே?" என்பதுதான். தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத தந்தையர் குறைவு. கேட்டு வளராத பிள்ளைகளும் குறைவு.

வண்டியின் பின்னிருக்கையிலிருந்து அந்த மகள் மெல்லக் கேட்டாள்: "மீதி 106 மைல் எங்கே என்று அங்கே யாராவது கேட்டார்களா, அப்பா?"

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். சற்று நேரம் கழித்து, "இல்லையம்மா, ஒருவரும் கேட்கவில்லை" என்றார் அவர்.

எங்கே பிழை நேர்ந்தது?

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், தந்தையும் மகளும் சமையலறை மேசையில் அமர்ந்து முதல் முயற்சியை ஆராய்ந்தனர். மென்பொருளில் பிழை நேர்ந்தால் அதைச் செய்தவர் யார் என்று தேடாமல், பிழை எங்கே என்று தேடுவது அவர் அலுவலகத்தில் வழக்கம். அந்த வழக்கம் முதன்முறையாக வீட்டுக்குள்ளும் வந்தது.

முதற்பிழை வேகம். காற்றைக் கிழித்துச் செல்வதற்கு வேண்டிய திறன், வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கின்றது. மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு ஏறினால், வேகம் கூடுவது ஐந்தில் ஒரு பங்குதான். காற்றுக்காகச் செலவிடும் திறனோ 70 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடும். பிறர் பின்னால் செல்வதால் அதில் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் தம் வலிமைக்கு மிஞ்சிய குழுவின் பின்னால் சென்றால் அந்த மிச்சமும் கரைந்துபோகும்.

இரண்டாவது பிழை உணவு. இத்தகைய பயணத்தில் 5,500 முதல் 7,000 கலோரி வரை செலவாகும். தசையிலும் கல்லீரலிலும் உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரிக்கே போதுமானது. எஞ்சியதைக் கொழுப்பிலிருந்தும், வழியில் உண்ணும் உணவிலிருந்தும்தான் பெற வேண்டும். சேமிப்புத் தீர்ந்துவிட்டால் கால் மட்டுமன்றி அறிவும் மந்தமாகும். சென்ட்ரேலியாவில் விடை சொல்லத் தடுமாறியது அதனால்தான். மணிக்கு 60 கிராம் அளவு மாவுச்சத்து உட்கொள்வது பொதுவான அறிவுரை. பசித்த பின் உண்ணலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

மூன்றாவது பிழை நீர். வியர்வையோடு உப்பும் வெளியேறுகின்றது. உப்பை ஈடு செய்யாமல் வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் குருதியில் சோடியம் குறைந்துபோகும். அது உயிருக்கே கேடாக முடியலாம்.

நான்காவது பிழை புதிய இருக்கை. பழக்கப்படாத எதையும் அன்றைய நாளில் முதன்முறையாகப் பயன்படுத்தக் கூடாது. தேர்வன்று புதிய பேனாவை எடுத்துச் செல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர்க்கு இது தெரிந்த பாடமே.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பிழையைத் தந்தையே கூறினார்: போட்டியே இல்லாத இடத்தில் அவர் போட்டியிட்டிருந்தார். திருக்குறளில் 48-ஆம் அதிகாரம் வலியறிதல். அடுத்தது காலமறிதல், அதற்கடுத்தது இடனறிதல். இம்மூன்றையும் பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கியவர்தாம் அவர். தம் வலிமையையும், நேரத்தையும், இடத்தையும் அறியாமல் புறப்பட்டதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஆறு மாத விடியற்காலைகள்

இரண்டாம் முயற்சிக்கான ஆயத்தம் சனவரியில் தொடங்கியது. முதலில் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை. நாற்பதைக் கடந்தோர், சர்க்கரையோ குருதி அழுத்தமோ உள்ளோர், குடும்பத்தில் இதய நோய் இருந்தோர் எவரும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

சியாட்டிலின் குளிர்காலம் மழைக்காலமும் ஆகும். வார நாட்களில் மூன்று நாள், அலுவலகத்துக்கு முன் ஒரு மணி நேரம். மழை கொட்டிய நாட்களில் வீட்டுக்குள்ளேயே நிலையாக நிறுத்திய மிதிவண்டியில் பயிற்சி. வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம். அது பிப்ரவரியில் 40 கிலோமீட்டராக இருந்தது. வாரத்துக்குப் பத்து விழுக்காடு அளவில் மெல்ல ஏற்றி, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குறைத்து ஓய்வு கொடுத்து, சூன் மாதக் கடைசியில் 200 கிலோமீட்டர் வந்தது. அதற்கு மேல் பயிற்சியில் ஓட்டத் தேவையில்லை. கடைசி இரண்டு வாரங்கள் ஓய்வே பயிற்சி.

உணவையும் அந்த நீண்ட ஓட்டங்களிலேயே சோதித்துப் பார்த்தார். கடையில் விற்கும் இனிப்புக் கூழ் நான்கு மணி நேரத்துக்குமேல் திகட்டியது. கடைசியில் அவருக்கு ஒத்துப்போனது மிளகாய்ப்பொடி தடவி மெல்லிய தாளில் சுற்றிய சிறு இட்லிகள், உப்பிட்ட உருளைக்கிழங்கு, வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு. இட்லி எளிதில் செரிக்கும் மாவுச்சத்து. பையில் நசுங்கினாலும் உண்ணலாம்.

நேர அட்டவணையை மகள் போட்டாள். காலை 5 முதல் இரவு 9 வரை 16 மணி நேரம். நிறுத்தங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் ஓட்டுவதற்கு எஞ்சுவது பதின்மூன்றரை மணி. 330 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் மணிக்கு 24.4 கிலோமீட்டர். "இதற்கு மேல் வேகம் வேண்டவே வேண்டாம் அப்பா. ஆனால் எட்டு நிறுத்தங்களில் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் எண்பது நிமிடம் போய்விடும்" என்றாள். அட்டையின் பின்புறம் இன்னொரு பட்டியலையும் எழுதினாள். நெஞ்சில் வலி, நிலை தடுமாற்றம், பேச்சுக் குழறல், உண்டது எதுவும் தங்காமை. இவற்றுள் ஒன்று வந்தாலும் இறங்கிவிட வேண்டும்; யாரையும் கேட்க வேண்டியதில்லை. அட்டையின் கீழ்ப்பகுதியில் தந்தை கையொப்பமிட வேண்டும் என்றாள். அவரும் இட்டார்.

இரண்டாம் ஆண்டு: சென்ட்ரேலியாவுக்கு அப்பால்

அதே சூலை, அதே 5 மணி. விரைவான குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, "இடப்புறம் வருகிறோம்" என்று குரல் கொடுத்துக்கொண்டு அவரைக் கடந்து சென்றன. முன்செல்பவர் அவ்வாறு அறிவித்துக் கடப்பது அந்தச் சாலையின் ஒழுங்கு. பியூயாலப் ஏற்றத்தில் அவரைவிட இருபது அகவை மூத்த அம்மையார் ஒருவரும் முந்திச் சென்றார். அவர் தம் பல்லிணையை எளிதான நிலைக்கு மாற்றிக்கொண்டு, மூச்சு வாங்காமல் ஏறினார். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வாய் உணவு. இந்த முறை ரெய்னியர் மலையை நன்றாகப் பார்த்தார்.

சென்ட்ரேலியாவை அடைந்தபோது காலை 11.30. சென்ற ஆண்டு அமர்ந்த அதே இடத்தில் சற்று நேரம் அமர்ந்து, காலணியைக் கழற்றிக் காலுக்குக் காற்று காட்டி, 12 மணிக்குப் புறப்பட்டார்.

அதற்கு அப்பால் உள்ள பாதி அவர் அறியாதது. செகேலிசு தாண்டியதும் சிறு சிறு மேடுகள் தொடர்ந்து வருகின்றன. வின்லாக் என்னும் சிற்றூரின் நடுவில் ஒரு மாபெரும் முட்டைச் சிலை உண்டு. கோழிப்பண்ணைகளால் பேர்பெற்றிருந்த ஊர் அது. உலகின் மிகப் பெரிய முட்டை என்று அவ்வூரார் பெருமையோடு கூறிக்கொள்கின்றனர். பின்னர் காசில்ராக், லெக்சிங்டன் ஆகிய ஊர்கள் கவ்லிட்சு ஆற்றை ஒட்டி வருகின்றன. 1980-இல் எரிமலை வெடித்தபோது சாம்பலும் சேறும் இறங்கி வந்தது இந்த ஆற்றின் வழியேதான்.

லாங்வியூ நகரில் கொலம்பியா ஆற்றைக் கடக்க வேண்டும். அங்குள்ள லூயிசு - கிளார்க் பாலம் 1930-இல் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் சான்பிரான்சிசுகோவின் கோல்டன் கேட் பாலத்தின் தலைமைப் பொறியாளராகப் பின்னர் புகழ்பெற்ற சோசப் இசுட்ராசு. மிதிவண்டியினரைக் கூட்டமாக நிறுத்திவைத்து, வண்டிப் போக்குவரத்தைத் தடுத்து, விசையுந்துக் காவலோடு பாலத்தில் அனுப்புகின்றனர். நடுவில் உயர்ந்து இறங்கும் அந்தப் பாலத்தின் இணைப்பு இரும்புகளில் சக்கரம் இடறும். தண்ணீர்ப் புட்டிகள் துள்ளி விழும். மறுகரையில் கால் வைத்தால் ஓரிகன் மாநிலம். அவருடைய முன்சக்கரம் அங்கேயே காற்று இறங்கியது.

குழாயை மாற்றத் தொடங்கினார். கை வழுக்கியது, முதல் குழாயும் கிள்ளப்பட்டு ஓட்டையாயிற்று. வழியே சென்ற இருவர் கேட்காமலேயே நின்றனர். ஒருவர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தம்மிடமிருந்த மாற்றுக் குழாயைக் கொடுத்தார். அரை மணி நேரம் சென்றது. அவர்களும் அந்த நாளுக்குள் போர்ட்லண்டை அடைய வேண்டியவர்களே. அவர்களுடைய அரை மணி நேரமும் அதில் போயிற்று. நன்றி கூறியபோது, "வழியில் நிற்கும் வேறொருவருக்குச் செய்யுங்கள்" என்று சொல்லிச் சென்றனர்.

அதன்பின் 30-ஆம் எண் நெடுஞ்சாலை. பயணத்தின் கடினமான பகுதி பியூயாலப் ஏற்றமன்று, இதுதான் என்று ஒரு நாளில் ஓட்டியோர் பலரும் கூறுவர். பிற்பகல் வெயில், பக்கத்தில் விரையும் சரக்குந்துகள், முடிவே இல்லாததுபோல் நீளும் சாலையோரம். கழுத்து வலிக்கின்றது, உள்ளங்கை மரத்துப்போகின்றது. செயின்ட் எலன்சு என்ற ஊரிலுள்ள நிறுத்தத்தில் ஏறத்தாழ 175 மைல் முடிந்திருந்தது. அங்கே அவர் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் படித்தார். பட்டியலில் உள்ள எதுவும் இல்லை. வலி இருந்தது, ஆனால் அது பட்டியலில் இல்லாத வலி. கடைசி இரண்டு இட்லிகளை உண்டுவிட்டு எழுந்தார்.

மாலை 8.25-க்குப் போர்ட்லண்டில் முடிவுக் கோட்டைக் கடந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. மகள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "உட்காருங்கள் அப்பா" என்று சொல்லித் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

மனைவி வீட்டுக்குக் கிளம்பலாம் என்றார். தந்தை சற்றுப் பொறுக்கச் சொன்னார். அவருக்குப் பின்னரும் ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். வந்த ஒவ்வொருவருக்கும் கூடியிருந்தோர் மணியடித்துக் கைதட்டினர். கடைசியாக வருவோருக்கே மிகுந்த கைதட்டல். பாலத்தருகே நின்று உதவிய அந்த இருவர் வந்திருப்பார்களா என்று அவர் தேடினார், காணவில்லை. தந்தையும் மகளும் இருட்டும் வரை அங்கே நின்று, முகம் அறியாதோருக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தனர்.

பெற்றோர்க்கும் இளையோர்க்கும்

இந்த உரையின் நோக்கம் எல்லோரையும் 330 கிலோமீட்டர் ஓட்டச் சொல்வதன்று. பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் இதனை ஒரே நாளில் முயலவும் வேண்டியதில்லை. இரண்டு நாள் பயணம் எவ்வகையிலும் இரண்டாம் தரமன்று. தலைக்கவசம் அணிந்து, பெற்றோர் ஒருவரோடு 20 கிலோமீட்டர் சென்று திரும்பும் ஞாயிற்றுக்கிழமையே நல்ல தொடக்கம். பிள்ளைகளுக்கு நாள்தோறும் 60 நிமிடமும், பெரியோர்க்கு வாரத்துக்கு 150 நிமிடமாவதும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அதற்குக் கூடப் பல தமிழ் வீடுகளில் தனிப்பயிற்சி வகுப்புகளுக்கு நடுவே நேரம் கிடைப்பதில்லை.

மிதிவண்டி தமிழர்க்கு அயலானதும் அன்று. பெற்றோர் பலர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில், குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாக எழுத்தறிவோடு சேர்த்து மிதிவண்டியும் கற்ற பெண்கள் ஏராளம். அதே 1990-களில், எரிபொருள் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் விறகும் நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் சென்றது மிதிவண்டியில்தான். அன்று அது தேவை. தேவை தீர்ந்ததும் கைவிட்டதைப் பிள்ளைகளோடு சேர்ந்து மீண்டும் எடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இளையோர்க்கு ஒன்று. ஒரு நாளில் முடிக்கும் செயலாகத் தோன்றுவது உண்மையில் ஆறு மாத விடியற்காலைகளில் முடிந்த செயல். பாதியில் நிற்க வேண்டி வந்தால் நிற்பதும் அறிவே. நின்ற இடத்திலிருந்து மறு ஆண்டு தொடரலாம். சாலை அங்கேயேதான் இருக்கும்.

பெற்றோர்க்கு ஒன்று. புலம்பெயர்ந்த மண்ணில் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்ற அச்சம் மெய்யானது. இரண்டு பெட்டிகளோடு வந்திறங்கியோர்க்கு மதிப்பெண்ணே ஊன்றுகோலாக இருந்தது. அதனை எள்ளி நகையாட இயலாது. ஆயினும், நூறு மைல் வந்தவருக்கு முதலில் தேவைப்படுவது நாற்காலியும் உப்பிட்ட உருளைக்கிழங்கும். எங்கே பிழை என்ற ஆராய்ச்சியைப் பிறகு, மேசையில், சேர்ந்து அமர்ந்து செய்யலாம்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மகளின் அடுத்த கணக்குத் தேர்வு வந்தது. மதிப்பெண் 88. முன்னதைவிடக் குறைவு. தந்தை தாளை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எந்த இடத்தில் கடினமாயிற்று, அம்மா?" என்று கேட்டார். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு அருகில் அமர்ந்தாள்.